அந்தோனினாவின் ஜெர்மன்

எங்கள் ஹ்ருஷிவ்காவில் அந்தோனினா டீச்சரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. என் மகள் வாங்கியிருக்கிறாள். பள்ளிப் பேருந்தை ஓட்டிய நானும் வாங்கியிருக்கிறேன், பனிக்காலத்தில் ஒருநாள் வண்டியைத் தாமதமாகக் கொண்டுவந்ததற்காக. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். பிறகு பெற்றோர்கள் எல்லாம் ஆங்கிலம்தான் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஜெர்மன் வகுப்பை எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் புத்தகங்களைத் துடைத்துக்கொண்டு இருந்தார். எதற்கும் முறையிடுகிற ஆள் அல்ல.

அவருக்கு அந்த மொழி வந்த வழி ஊரில் பலருக்குத் தெரியாது. அவருடைய அம்மாவைப் பதினாறு வயதில் ஜெர்மன்காரர்கள் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது நாற்பத்திரண்டாம் வருடம்; ஊர் அவர்கள் கையில் இருந்த காலம். அங்கே ஒரு பண்ணையில் மாடு கறந்து, சாணி அள்ளி, போர் முடிந்ததும் திரும்பி வந்தார். பகைவனுக்கு வேலை செய்தவள் என்று இங்கே ஒரு விசாரணை நடந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் அங்கே பட்டதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டு மாட்டைக் கறக்கும்போது மட்டும் அதனிடம் ஜெர்மனில் பேசுவாராம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு மகளுக்கும் அது வந்துவிட்டது. பின்னால் பெரிய கல்லூரிக்குப் போய் இலக்கணம் படித்தாலும், அவர் நாக்கில் நின்றது அந்த மாட்டுத் தொழுவத்து ஜெர்மன்தான்.

ரஷ்யப் படை உள்ளே வந்தபோது டீச்சருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கணவர் இறந்து நெடுநாள் ஆகிவிட்டது. மகள் இரினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேற்கே போய், எல்லை தாண்டி, கடைசியில் ஜெர்மனியிலேயே ஒரு நகரத்தில் தங்கினாள். அம்மாவையும் வரச் சொல்லி அழுதாள். “உனக்குத்தான் மொழி தெரியுமேம்மா, நீ இல்லாம நான் இங்க கடைக்குப் போய் உப்பு கேக்கக்கூடத் தெரியாம நிக்கிறேன்” என்றாளாம். டீச்சர் போகவில்லை. கோழியை யார் பார்ப்பது என்றார். கோழி ஒரு சாக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த முதல் கோடையில்தான் வெளிநாட்டுப் பீரங்கிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு நாடும் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. ஜெர்மன்காரர்கள் கொடுத்தது டாங்கி மாதிரி தானே ஓடுகிற பெரிய பீரங்கி. உள்ளே கணினித் திரை, திரையில் ஜெர்மன். எங்கள் ஊர் லூபாவின் மூத்த மகன் ருஸ்லானுக்கு அப்படி ஒன்றின் பொறுப்பைக் கொடுத்தார்கள். டிராக்டர் ஓட்டியவன். அதற்கு முன்னால் டீச்சரிடம் ஏழு வருடம் ஜெர்மன் படித்து, ஒரு வாக்கியம்கூடக் கற்றுக்கொள்ளாமல் வெளியே வந்தவன். சில வாரம் ஜெர்மனியில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். திரும்பி வரும்போது பீரங்கி வந்தது; மொழிபெயர்ப்பாளர் வரவில்லை.

டீச்சர் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது.

“டீச்சர், நான் ருஸ்லான். லூபா பையன்.”

“எந்த ருஸ்லான்? ஜன்னல் ஏறிக் குதிச்சு ஓடுனவனா?”

“அவனேதான். டீச்சர், இங்க திரையில ஒரு வார்த்தை வந்து நிக்குது. அது போற வரைக்கும் பீரங்கி சுட மாட்டேங்குது.”

“படி.”

அவன் படித்தான். டீச்சர் முகத்தைச் சுளித்தார். “நீ படிக்கிற லட்சணத்துக்கு மாடுகூடத் திரும்பிப் பாக்காது. எழுத்து எழுத்தா சொல்லு.”

எழுத்து எழுத்தாகச் சொன்னான். எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து வந்த வரியையும் சொன்னான். எந்த மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. இடையில் கனமாக ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. அது என்ன என்று டீச்சர் கேட்டார். “ஒண்ணுமில்ல டீச்சர், பக்கத்துலதான் விழுது. நீங்க அடுத்த வரியைச் சொல்லுங்க” என்றான். டீச்சர் சொன்னார். குரல் மாறவில்லை. பேசி முடித்த பிறகு மண்வெட்டியைப் பிடித்தபடி பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்படித்தான் தொடங்கியது. முதலில் ருஸ்லான் மட்டும் கூப்பிட்டான். பிறகு அவன் படைப்பிரிவில் இருந்த மற்ற பீரங்கிக்காரர்களும் கூப்பிட்டார்கள். இலையுதிர் காலத்தில் ராணுவத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, பழுதுபார்க்கும் இடத்துக்கே வர முடியுமா என்று பணிவாகக் கேட்டார். பேருந்து ஓடாத காலம். நான் சும்மா இருந்தேன். பழுது வண்டிக்கு என்னை ஓட்டுநராகப் போட்டார்கள். கோழிகளை லூபாவிடம் விட்டுவிட்டு டீச்சர் என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

பழுதுபார்த்தது கைவிடப்பட்ட ஒரு சர்க்கரை ஆலையின் கொட்டகையில். கூரையில் பாதி இல்லை. பீரங்கிகள் உடம்பெல்லாம் சேறோடு வரும். எங்கள் ஆட்கள் கைப்பேசியை ஒரு குச்சியில் கட்டி நிறுத்துவார்கள். மறுமுனையில், ஜெர்மனியில் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருப்பார் வோல்க்மார். இந்த வகைப் பீரங்கியோடு இளமையிலிருந்து பழகிய மெக்கானிக். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கேமராவுக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பேசுவார். அவர் சொல்வதை டீச்சர் எங்கள் மொழியில் சொல்வார். எங்கள் ஆட்கள் செய்வார்கள். தப்பாகச் செய்தால் வோல்க்மார் கத்துவார். டீச்சர் அந்தக் கத்தலையும் மொழிபெயர்ப்பார், அதே கோபத்தோடு. பையன்கள் அதற்குத்தான் சிரிப்பார்கள்.

முதல் வாரத்தில் ஒருநாள் வோல்க்மார் வேலைக்கு நடுவில் சிரித்தாராம். நடந்ததை டீச்சர் திரும்பி வரும் வழியில் எனக்குச் சொன்னார். “உங்க பேச்சு எங்க வட்டாரத்துப் பண்ணைப் பேச்சு. எனக்கு விவரம் தெரிஞ்சு இப்படிப் பேசுனவங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க. எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“எங்கம்மா உங்க பக்கத்துல வேலை பாத்தாங்க.”

“அப்படியா, எப்போ?”

“நாப்பத்திரெண்டுல.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எங்கள் ஆள் ஒருவன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தானாம். “இப்ப அந்த மூடியைக் கழட்டலாமா?” என்று டீச்சரே கேட்டிருக்கிறார். கழற்றலாம் என்றாராம்.

அதற்கப்புறம் வோல்க்மாரிடமிருந்து பொட்டலங்கள் வரும். உதிரிப் பாகத்தைத் துண்டில் சுற்றி, இடுக்கில் கம்பளிக் காலுறை, சாக்லேட், டீச்சருக்கு மூட்டுவலித் தைலம் எல்லாம் திணித்து அனுப்புவார். அந்தக் காலுறைகள் எங்களிடம் இப்போதும் இருக்கின்றன. நல்ல மனிதர். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அவரை யாரும் குறை சொல்லக் கூடாது.

அடுத்த வருடக் கோடையில் நம்பிக்கையோடுதான் இருந்தோம். குண்டுகள் வந்தன. பீரங்கிக் குழாய் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டிய அளவுக்குச் சுட்டார்கள். ருஸ்லான் மெலிந்து கருத்துப் போயிருந்தான், ஆனாலும் சிரிப்பான். டீச்சரைப் பார்த்தால் எழுந்து நின்று, வகுப்பில் சொல்வதுபோல் ஜெர்மனில் காலை வணக்கம் சொல்வான், எந்நேரமானாலும் காலை வணக்கம்தான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் மேற்கு நாடுகளிலிருந்து ஒரு பிரமுகர் கூட்டம் சர்க்கரை ஆலையைப் பார்க்க வந்தது. புதுத் தலைக்கவசம், புதுக் கவச உடை, சேறு படாத காலணி. அவர்களில் மூத்தவர் பீரங்கியின் பக்கத்தில் நின்று பேசினார். தேவைப்படும் வரைக்கும் நாங்கள் உங்களோடு நிற்போம் என்றார். டீச்சர் அதைச் சொன்னார். ருஸ்லான் கையைத் துடைத்துக்கொண்டே, “யாருக்குத் தேவைப்படுற வரைக்கும்னு கேளுங்க டீச்சர்” என்றான். குறும்பாகத்தான் கேட்டான். டீச்சர் ஒரு கணம் அவனை முறைத்தார். பிறகு அந்தக் கேள்வியை ஒரு எழுத்து விடாமல் அப்படியே ஜெர்மனில் சொன்னார். வந்தவர் புன்னகை செய்து ருஸ்லானின் கையைக் குலுக்கினார். நல்ல கேள்வி என்று சொன்னாராம். புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

குளிர்காலம் வந்ததும் குண்டுகள் குறைய ஆரம்பித்தன. கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய நாட்டில் உதவிப் பணத்தை ஒப்புக்கொள்ளாமல் மாதக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்து நாடுகள் தருவதாகச் சொன்னதில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்தது. எங்களுக்கு இதெல்லாம் செய்தியில் தெரிவதற்கு முன்னால் காதில் தெரிந்துவிட்டது. அவர்கள் பக்கமிருந்து ஓயாமல் இடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அமைதி.

ருஸ்லானின் பீரங்கி சுரங்க ஊர் ஒன்றைக் காத்துக்கொண்டிருந்தது. ஊருக்குள் எங்கள் காலாட்படை. பின்னால் மரவரிசைக்குள் மறைவாக இவன். ஒருநாள் பீரங்கியை நகர்த்த முடியாத ஒரு பழுது என்று கூப்பிட்டார்கள். டீச்சரும் நானும் அங்கேயே போனோம். வோல்க்மார் சொல்லச் சொல்ல மதியத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். எல்லாம் நன்றாக ஓடியது. குழாய் புதுசு. திரையில் ஒரு குறையும் இல்லை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. பதுங்குகுழிக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது வயர்லெஸ்ஸில் ஊருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தெருமுனையில் கூட்டமாக வருகிறார்கள், போடு என்றது.

“குண்டு இல்ல” என்றான் ருஸ்லான்.

“ரெண்டு போடுப்பா. ரெண்டு போதும்.”

“இல்லடா. இருந்தா வச்சிக்கிட்டு சும்மா இருப்பேனா?”

“புகைக் குண்டுகூடவா இல்ல?”

“அது கிடக்கு.”

“சரி, அதையாவது போடு. நம்ம பக்கமும் யாரோ இருக்காங்கன்னு பசங்களுக்குத் தெரியட்டும்.”

ருஸ்லான் போட்டான். புகைக் குண்டு யாரையும் கொல்லாது. வெள்ளையாகப் புகை எழும்பும், காற்று வந்தால் போய்விடும். சிறிது நேரம் கழித்து அந்தக் குரல் நன்றி சொன்னது. அதற்குப் பிறகு அந்தக் குரலை வயர்லெஸ்ஸில் கேட்கவில்லை.

டீச்சர் குவளையைக் கீழே வைத்துவிட்டு வோல்க்மாரைக் கூப்பிட்டார். பழுது பற்றி எதுவும் பேசவில்லை. குண்டுகளை ஏன் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வி இல்லை என்று அவருக்கும் தெரியும். அந்த நாட்டுக்காரர்களில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. வோல்க்மார் நெடுநேரம் பேசினார். ஆலைகள் பல வருடம் மூடிக் கிடந்தனவாம். திறந்தாலும் வெடிமருந்துக்குத் தட்டுப்பாடாம். அவர் தன் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் நிற்கிறாராம். முதலில் நிறையப் பேர் கூட நின்றார்களாம். இப்போது அவரும் அவர் மனைவியும் ஒரு பாதிரியாரும் மட்டும். போகிறவர்கள் எரிவாயு விலையைச் சொல்லித் திட்டிவிட்டுப் போகிறார்களாம். கடைசியில், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றார்.

என்ன சொல்றார் என்று ருஸ்லான் கேட்டான்.

“வெக்கமா இருக்காம் அவருக்கு.”

“அதைக் குழாயில போட்டுச் சுட முடியாதுன்னு சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் கைப்பேசியைப் பார்த்து ஏதோ சொன்னார். வோல்க்மார் தலையாட்டினார். வண்டியில் வரும்போது நான் கேட்டேன், அவன் சொன்னதைச் சொன்னீர்களா என்று. இல்லை, ருஸ்லான் நன்றி சொல்கிறான் என்று சொன்னேன் என்றார். அவர் தப்பாக மொழிபெயர்த்து நான் அறிந்தது அது ஒரு தடவைதான்.

குளிரின் கடைசியில் அந்தச் சுரங்க ஊரை விட்டுவிட முடிவெடுத்தார்கள். பனி உருகி, வயலெல்லாம் சேறாக இருந்தது. காலாட்படை பின்வாங்கும்போது அவர்களுக்குக் காப்பாகச் சுட எங்கிருந்தோ சேர்த்துவைத்த கொஞ்சம் குண்டுகளை ருஸ்லானுக்குக் கொடுத்தார்கள். காலையிலிருந்து சுட்டான். அவன் சுட்டதால் தப்பி வந்தவர்களை நான் பின்னால் பார்த்திருக்கிறேன். அவர்கள் அவன் பேரைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றுவார்கள். எல்லாவற்றையும் சுட்டு முடித்த பிறகு அவனும் நகர வேண்டும். குழாய் கீழே இறங்கவில்லை. வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. அப்படியே ஓட்டினால் மரக்கிளைகளில் மாட்டும். வெட்டவெளியில் ஊருக்கே தெரியும்.

சர்க்கரை ஆலையில் டீச்சரின் கைப்பேசி அடித்தது. டீச்சர் இன்னொரு கைப்பேசியில் வோல்க்மாரைப் பிடித்தார். அவர் பேத்தியின் பிறந்தநாள் விருந்தில் இருந்தார். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது. எழுந்து வெளியே வந்து தோட்டத்தில் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஒரு காதில் ருஸ்லான், ஒரு காதில் வோல்க்மார், நடுவில் டீச்சர். நாங்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றோம்.

“இடது பக்கம் வால்வு இருக்கும். மூடு.”

“மூடிட்டேன்.”

“ஸாவா கைப்பம்பை அடிக்கட்டும். மெதுவா. வேகமா அடிச்சா அழுத்தம் ஏறாதாம்.”

ஸாவா என்பவன் அந்தப் பீரங்கியின் ஓட்டுநர். அவன் அடிப்பது கேட்டது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“இறங்குதா?”

“இறங்குது. இறங்குது டீச்சர். படுத்துக்கிச்சு. பூட்டியாச்சு.”

“அப்ப போ. பேசிட்டு நிக்காத.”

எஞ்சின் உறுமுவது எங்களுக்கெல்லாம் கேட்டது. இங்கே ஒருவன் கையைத் தட்டினான். ருஸ்லான் கைப்பேசியை அணைக்கவில்லை; சட்டைப் பையில் போட்டிருப்பான். வண்டி ஓடும் சத்தம் சிறிது நேரம் வந்தது. பிறகு மேலே கொசு மாதிரி ஒரு ரீங்காரம். அந்த ரீங்காரம் ட்ரோனுடையது என்று எங்கள் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். ஸாவா ஏதோ கத்தினான். அதோடு நின்றுவிட்டது.

டீச்சர் அந்தக் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னொன்றில் வோல்க்மாரின் குரல் எங்களுக்கே கேட்டது. ஓடுகிறதா, ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஒரு சொல்லை இத்தனை மாதத்தில் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தோம்.

“ஓடியது” என்றார் டீச்சர்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கூப்பிட்ட உடனே எடுத்தார்கள்; சொன்னது சரி, மொழிபெயர்த்தது சரி, செய்தது சரி. நான் இதை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். யாராவது எங்காவது தவறியிருந்தால் அவர்களைத் திட்டிக்கொண்டாவது இருக்கலாம்.

ஸாவா ஒரு காலோடு பிழைத்தான். ருஸ்லானை ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான். ஹ்ருஷிவ்கா எல்லையிலிருந்து இடுகாடு வரை சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் சேற்றில் மண்டியிட்டிருந்தார்கள். பெட்டியைத் திறக்கவில்லை. சடங்கெல்லாம் முடிந்து, லூபாவின் வீட்டில் கோதுமைக் கஞ்சியும் தேனும் பரிமாறும்போது, லூபா டீச்சரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கடைசியா உங்ககூடத்தான் பேசினானாம்.”

“ஆமா லூபா.”

“என்ன பேசினீங்க?”

டீச்சர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பற்றிக் கேட்டான் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. “வால்வை மூடச் சொன்னேன். பேசிட்டு நிக்காதன்னு சொன்னேன்” என்றார்.

“நல்லதுதான். அவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்” என்றாள் லூபா. பிறகு எழுந்து அடுத்தவருக்குக் கஞ்சி ஊற்றப் போனாள்.

வசந்தத்தின் முடிவில் அந்தப் பெரிய நாடு உதவியை ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சியில் எல்லோரும் கைதட்டுவதைக் காட்டினார்கள். சில வாரத்தில் குண்டுகள் வந்தன. நல்ல குண்டுகள், பெட்டி பெட்டியாக. எந்த ஊருக்காக அவற்றைக் கேட்டோமோ அந்த ஊரில் அதற்குள் எதிரியின் கொடி பறந்துகொண்டிருந்தது. வந்த குண்டுகளை அடுத்த ஊரைக் காக்க வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஊரும் அந்த வருடம் முடிவதற்குள் போனது.

இலையுதிர் காலத்தில் வோல்க்மாரே வந்தார். தனியாக, பழைய வேன் ஒன்றில் மருத்துவமனைக் கட்டில்களையும் ஒரு ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு மூன்று நாடுகளைத் தாண்டி ஓட்டி வந்திருந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். டீச்சரைக் கண்டதும் தொப்பியை எடுத்தார். இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். இடுகாட்டுக்குக் கூட்டிப் போனோம். ருஸ்லானின் படத்துக்கு முன்னால் நின்று அந்த மனிதர் அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். லூபா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. “அவரு ஏதாவது சாப்பிட்டாரான்னு கேளுங்க டீச்சர்” என்றாள்.

லூபாவின் வீட்டில் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையும் புளித்த பாலேடும் வைத்தார்கள். லூபாவின் இளைய மகன் அப்போதுதான் பதினேழைத் தொட்டிருந்தான். அவன் வோல்க்மாரின் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான். சாப்பிடும்போது வோல்க்மார் சொன்னதை டீச்சர் எங்களுக்குச் சொன்னார். இந்த வருடத்தோடு அவருக்கு ஓய்வாம். அவர் இடத்துக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தானாம். ஆனால் அங்கே காற்று மாறுகிறதாம். அடுத்த தேர்தலில் எவ்வளவோ பேர் வேறு மாதிரி ஓட்டுப் போடப் போகிறார்களாம். அவருடைய சொந்தத் தம்பியே, போதும் நிறுத்துங்கள், அவர்கள் கொஞ்சம் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சமாதானமாகப் போகட்டும் என்கிறானாம்.

“எவ்வளவு நிலம்னு அவர் தம்பி நினைக்கிறார்?” என்று லூபா கேட்டாள்.

டீச்சர் கேட்டார். வோல்க்மார் தெரியாது என்றார்.

“இந்த வீடு அதுல வருமா?”

அதை டீச்சர் மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். வோல்க்மாருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

போகும்போது வோல்க்மார் டீச்சரிடம், தன் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, வந்து இருங்கள் என்று கேட்டார். மகளும் பேத்தியும் இரண்டு மணி நேர ரயில் தூரத்தில்தான் இருக்கிறார்கள் என்றார். டீச்சர் மரியாதையாக மறுத்தார். என் அம்மாவை உங்கள் ஆட்கள் கேட்காமல் கூட்டிப் போனார்கள், நீங்கள் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறீர்கள், அதுவே பெரிது என்றாராம். இதைச் சொல்லும்போது டீச்சர் சிரிக்கவில்லை. வோல்க்மாரும் சிரிக்கவில்லை. வேன் திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு, டீச்சர் கோழிகளை அடைக்கப் போய்விட்டார்.

இப்போது பேத்தி தொலைபேசியில் அவரிடம் ஜெர்மனில்தான் பேசுகிறாள். எங்கள் மொழியில் கேட்டால் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறாள். பாட்டியின் உச்சரிப்பைக் கேட்டு, எங்கள் வகுப்பில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள் என்று சொன்னாளாம். இரினா திரும்பி வருவதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். லூபாவின் இளையவனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. காலையில் காற்று கிழக்கிலிருந்து அடித்தால், முன்பு கேட்காத சத்தம் ஹ்ருஷிவ்காவில் இப்போது கேட்கிறது. பள்ளிக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டிவிட்டார்கள்.

டீச்சர் இன்னும் வருகிறார். சர்க்கரை ஆலை குண்டு விழுந்து போய்விட்டது. வேறொரு இடத்தில் வேலை நடக்கிறது. திரையில் வோல்க்மாருக்குப் பதிலாக ஒரு இளைஞன். அவசரமாகப் பேசுகிறான், சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை. பீரங்கிகள் குறைந்துவிட்டன. வருகிற குழுக்களெல்லாம் புதுசு.

போன வாரம் ஒரு பீரங்கியோடு ஒரு பையன் வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன், என் பேர் என்று ஆரம்பித்தான். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பேரெல்லாம் வேண்டாம் தம்பி. திரையில என்ன வருது, அதை மட்டும் சொல்லு.”

அவன் முகம் சுருங்கிப்போனது. எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தான்.